மீசையில் ஒரு புழுவெட்டு

சலூனில் தனக்கு முன்னால் இன்னும் ஓர் ஆள் இருந்தது ஆவுடையப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. நாற்காலியில் இருந்தவர் டை அடித்துக்கொண்டு, தலையெல்லாம் கருப்புக் குழம்போடு, கழுத்தை அசைக்காமல் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அது காய வேண்டும், பிறகு அலச வேண்டும், பிறகு அவர் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். மெதுவாகவே காயட்டும். புதன்கிழமை ஜவுளிக்கடையில் அவனுக்கு விடுமுறை, அவசரம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். அப்பா என்று வந்ததும் நினைப்பு சட்டென்று நின்றது; வண்டி மாடு பழக்கமில்லாத சந்துமுனையைக் கண்டதுபோல நின்று, பின்வாங்கி, சுவரில் தொங்கிய முருகன் காலண்டருக்குப் போயிற்று. மாஸ்க்குக்குள் மூச்சு சூடாக அடித்தது. இப்போது கோவில்பட்டியில் யாரும் மாஸ்க் போடுவதில்லை. அதனால் போட்டிருப்பவனைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். முகத்தை மறைக்கப் போட்டது முகத்துக்கு விளம்பரப் பலகை ஆகிவிட்டது. இன்றைக்கு இந்த மாஸ்க்கைக் கழற்றி, அந்த நாற்காலியில் சாய்ந்து, மீசையை எடுத்துவிடு என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு என்ன இருக்கிறது, வாயைத் திறந்தால் வந்துவிடும். ஆனால் இந்தப் பக்கத்தில் ஓர் ஆம்பிளை மீசையைச் சுத்தமாக மழிப்பது அவனுடைய அப்பா செத்த அன்றைக்குத்தான். கொள்ளி வைக்கிற மகன் மழித்த உதட்டோடு திரும்பி வரும்போது ஊருக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய அப்பா வேலாயுதம் உயிரோடு இருக்கிறார். வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சு குழறி, ஐப்பசியிலிருந்து கட்டிலில் கிடக்கிறார், ஆனாலும் இருக்கிறார். இருக்கிற மனிதருக்கு மகன் மீசையை எடுத்தால் அதற்கு என்ன பெயர்? போய்ச் சேர் என்று வாயால் சொல்லாமல் உதட்டால் சொல்வது. இதைத் தாண்டி ஆவுடையப்பனால் யோசிக்க முடியவில்லை. ஒரு வாரமாக இங்கேயே வந்து முட்டிக்கொண்டு நின்றான்.

முதலில் கண்டுபிடித்தது சலூன்காரன் செந்தூர்பாண்டிதான். இதே கடை, இதே நாற்காலி, பொங்கலுக்கு முன்னால் கட்டிங் பண்ணும்போது பின்மண்டையில் கத்தரி நின்றது. நின்ற கத்தரிச் சத்தம் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை ஓர் இடத்திலேயே வைத்துக்கொண்டிருப்பதைப்போல இருந்தது. “அண்ணாச்சி, பின்னால புழுவெட்டு விழுந்திருக்கு,” என்று செந்தூர்பாண்டி சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினான். ரூபாய்க் காசு அகலத்துக்கு வட்டமாக, வழவழவென்று, முடி இருந்த தடமே இல்லாத தோல். தன் தலையில் தனக்குத் தெரியாமல் இப்படி ஓர் இடம் காலியாகிக் கிடந்திருக்கிறது என்பதுதான் அப்போது ஆச்சரியமாக இருந்தது, பயமாக இல்லை. பின்மண்டை அடுத்தவர்கள் பார்ப்பதற்கானது, நமக்கென்ன. வீட்டுக்கு வந்ததும் தலையணை உறையைக் கழற்றி உதறிப் பார்த்தான். புழு என்றால் எங்கேயாவது இருக்க வேண்டும் அல்லவா. மனைவி பிரமு சிரித்தாள், சிரித்துவிட்டுச் சின்ன வெங்காயத்தை வெட்டி வந்து அந்த இடத்தில் எரிகிற வரைக்கும் தேய்த்தாள். தினமும் தேய்த்தாள். பட்டுச் சேலைப் பிரிவில் நின்றுகொண்டு சேலை விரிக்கிறவன் தலையிலிருந்து சாம்பார் வாசம் வந்தால் எப்படி இருக்கும்? சேலை பார்க்க வந்த பெண்கள் மூக்கைச் சுளித்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து கேண்டீனில் தாளிக்கிறார்கள் என்று அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போர்த் தண்ணி உப்பு. ஹெல்மெட் சூடு. சாப்பாட்டில் கீரை இல்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள். கண் வைக்கிற அளவுக்கு இந்தத் தலையில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் ஒரு காரணத்தோடுதான் வந்தார்கள், காரணமே இல்லாமல் ஒருவரும் வரவில்லை. அதை இப்போது நினைத்தால் ஏக்கமாகக்கூட இருந்தது.

பிறகு மீசைக்கு வந்தது. மாசி மாதம், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மூக்குக்குக் கீழே வலது பக்கம் ஒரு வெளுப்பு. பற்பசை என்று நினைத்துத் துடைத்தான், போகவில்லை. மறுபடி துடைத்தான். அன்றைக்கு எத்தனை தடவை துடைத்தான் என்று கேட்டால், இன்றைக்கும் கை அனிச்சையாக அங்கேதான் போகிறது, இதோ, மாஸ்க்குக்கு மேலேயே துடைக்கிறது. தலையில் போனதை மறந்துவிடலாம், மீசையில் போனதை எப்படி மறப்பது, கடையில் தூணுக்குத் தூண் ஆளுயரக் கண்ணாடி. சேலையைத் தோளில் போட்டுப் பெண்கள் தங்களைப் பார்த்துக்கொள்வதற்கு வைத்தது, ஒவ்வொன்றிலும் பின்னால் அரை மீசையோடு ஆவுடையப்பன் நிற்கிறான். பிரமுவின் ஐப்ரோ பென்சிலை எடுத்துத் தீட்டிக்கொண்டது அப்போதுதான். முதல் நாள் கூச்சமாக இருந்தது, பிறகு கை பழகிவிட்டது, முடி முடியாக வரைகிற அளவுக்குத் தேர்ந்துவிட்டான். நாற்பதைத் தாண்டிய ஆள் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மீசை வரைகிறான் என்று யாராவது சொன்னால் அவனே விழுந்து விழுந்து சிரித்திருப்பான். பங்குனியில் வெயில் ஏறியது. முகூர்த்த நாள் நெரிசல், ஏசி ஓடவில்லை, உதட்டு மேல் வியர்வையைப் புறங்கையால் ஒற்றிக்கொண்டு அதே கையால் சந்தன நிறப் பட்டு ஒன்றை விரித்தான். முந்தானையில் கரிக்கோடு. கல்யாணப் பெண்ணின் அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தில் பாதி மீசை கலைந்து கன்னத்துக்கு வந்திருந்தது. கல்யாணச் சேலையில் கருப்பு என்று சொல்லி அவர்கள் எழுந்து போனார்கள். சூப்பர்வைசர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “கொஞ்ச நாளைக்குக் கீழ லுங்கி செக்ஷன்ல நில்லுங்க ஆவுடை, அங்க கண்ணாடி கிடையாது,” என்றார். அது இரக்கம்தான் என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்ததால்தான் யார் முகத்தையும் பார்க்காமல் மாடிப்படி இறங்கினான். அன்றிலிருந்து இந்த மாஸ்க்.

தோல் டாக்டரிடம் போனது போன வாரம். சின்ன வயசு டாக்டரம்மா, லென்ஸ் வைத்துப் பார்த்தார், அவனுடைய முகத்தை ஒருவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை என்றார். வெங்காயத்தை நிறுத்துங்கள், தோல் வெந்து போயிருக்கிறது என்றார். பிறகு அவனுக்குப் புரிய வேண்டும் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: “உடம்புக்குள்ள நோயை எதிர்க்க ஒரு காவல் இருக்குல்ல, அது சில பேருக்குத் தப்பாப் புரிஞ்சுக்குது. முடியோட வேரை வெளி ஆள்னு நினைச்சு அடிக்குது. வேர் செத்துப் போகல, தூங்குது. முக்காவாசிப் பேருக்குத் திரும்ப முளைச்சுரும். முதல்ல வெள்ளையா வரும், பயப்படாதீங்க.” ஒட்டாது, பரவாது, அழுக்காலும் வராது என்றார். அதெல்லாம் அவன் காதில் விழுந்தது, ஆனால் மனது காவலிலேயே நின்றுவிட்டது. வீட்டுக் காவலுக்கு வைத்த ஆள் வீட்டுக்காரனையே திருடன் என்று அடிக்கிறான். ஏன் அடிக்கிறான்? வீட்டுக்காரன் அப்படி என்ன செய்தான்? “எதனாலம்மா வருது?” என்று கேட்டான். அது முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். “குடும்பத்துல இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், அதுக்கு ரத்தம் பார்ப்போம். கவலை இருந்தா கூடலாம். ஆனா கவலைதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது.” அவன் விடவில்லை. “தப்பா எதையாவது நினைச்சா வருமா?” டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். “நினைக்கிறதுக்கெல்லாம் முடி கொட்டும்னா ஊர்ல ஒருத்தர் தலையிலயும் முடி இருக்காதே,” என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவனுக்கோ முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. தண்டனை என்று சொல்லியிருந்தால் அனுபவித்துத் தீர்த்துவிடலாம். காரணம் இல்லை என்றால் எதைத் தீர்ப்பது? பிறகு அவர், மருந்து மீசைக்கு அடியில் தோலில் படவேண்டும், கொஞ்ச நாளைக்கு மீசையை எடுத்துவிட்டால் முடியில்லாத திட்டும் தெரியாது, தடவவும் வசதி என்றார். மறைக்கிறதானால் மறைக்கலாம், எடுக்கிறதானால் எடுக்கலாம், இரண்டும் தப்பில்லை, உங்கள் மீசைதானே. அவர் வேறு ஊர்க்காரர் போலிருக்கிறது. அப்பா இருக்கும் வரைக்கும் மகனுடைய மீசை மகனுடையது இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தப்பாக நினைத்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ. பிரமுவிடமே சொல்லவில்லை. இதிலே சொல்வதற்கு என்ன இருக்கிறது, நடந்தது ஒன்றுமே இல்லை. மார்கழியில் ஒரு புதன்கிழமை, அப்பாவுக்குச் சவரம் செய்து முடித்து, வேட்டி மாற்றுவதற்காக இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினான். மின்வாரியத்தில் கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கிய உடம்பு, வற்றினாலும் எலும்பு கனம். தூக்கும்போது இடுப்பில் சுளீர் என்று பிடித்தது, அப்பா ஈரத்தோடு அவன் மேல் சாய்ந்தார், அவருடைய மீசை அவன் கழுத்தில் குத்தியது, அப்போது ஒரு நினைப்பு வந்தது: இது எப்ப முடியும். அவ்வளவுதான். மூன்று சொல். செத்துப்போ என்று நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. இடுப்பு வலிதான் எப்போது முடியும் என்று நினைத்திருக்கலாம். வேட்டி மாற்றும் வேலை எப்போது முடியும் என்று நினைத்திருக்கலாம். இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பார்த்துவிட்டான், வழக்கு நிற்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அப்பா முகத்தைத் தூக்கி அவனைப் பார்த்தார். நினைத்தது கேட்டுவிட்டதுபோலப் பார்த்தார். பேச்சு குறைந்தவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள், எவ்வளவு கூர்மை, மனசுக்குள் பேசுவது கேட்கிற அளவுக்கா? அந்தப் பார்வைக்குப் பிறகு பின்மண்டை, பிறகு மீசை. கை வைத்து எடுக்காமல், கத்தி படாமல், தானாக மீசை உதிர்கிறது. அவன் செய்யத் துணியாததை உடம்பு முந்திக்கொண்டு செய்ய ஆரம்பித்துவிட்டது. அப்பா மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே இந்த உடம்பு கருமாதிக்குத் தயாராகிறது, உள்ளே எதுவோ நாள் குறித்துவிட்டது. டாக்டரம்மா ஆயிரம் சொல்லட்டும், அவர் அந்த மீசை கழுத்தில் குத்தியதை அறிவாரா. சரி, அப்படியே இருக்கட்டும், அப்படியென்றால் பென்சிலால் வரைந்துகொண்டே காலம் தள்ளலாம், மழிக்காமல் இருந்தாலாவது பாதி மிஞ்சும். பாதி மீசை இருக்கிறவரைக்கும் அப்பா இருப்பார் என்று ஒரு கணக்கு மனதுக்குள் தானாக ஓடியது. அதை நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டான். நம்பாதவன் எதற்கு ஒரு வாரமாகத் தினமும் காலையில் மிச்ச மீசையைத் தடவித் தடவிப் பார்க்கிறான்?

“அண்ணாச்சி, வாங்க,” என்று செந்தூர்பாண்டி நாற்காலியைத் துண்டால் தட்டினான். டை அடித்தவர் எப்போது எழுந்தார், எப்போது அலசினார் என்றே தெரியவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து கரேலென்ற தலையோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பத்து வயது குறைந்திருந்தது, காது ஓரத்தில் மட்டும் கருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் உட்கார்ந்தான். கழுத்தைச் சுற்றித் துணி விழுந்தது. மாஸ்க்கைக் கழற்றினான். எதிரே கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி, ஒன்றுக்குள் ஒன்றாக அரை மீசைக்காரர்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள், ஒருத்தனுக்குக்கூட முழு மீசை இல்லை. “பூண்டை நசுக்கித் தேன்ல குழைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?” என்றான் செந்தூர்பாண்டி. “எங்க மச்சினனுக்கு அதுலதான் நின்னுச்சு. இது பல்லி எச்சம், ராத்திரி படுத்திருக்கும்போது விழுந்திருக்கும்.” போன தடவை புழு என்றான், இந்தத் தடவை பல்லி. ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. “டாக்டர் எடுத்துரச் சொல்லுதாக,” என்றான். சொன்னது தன் குரல்தானா என்று இருந்தது. செந்தூர்பாண்டி கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தான். சீப்பைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “அப்பா எப்படி இருக்காக?” “இருக்காக.” “பின்ன எப்படி அண்ணாச்சி எடுக்க?” பெஞ்சில் இருந்தவர் பேப்பரை இறக்காமலே, “இந்தக் காலத்துல அதெல்லாம் யார் பாக்கா,” என்றார். பேப்பரை ஒரு பக்கம் திருப்பிவிட்டு, “இருந்தாலும் பெத்தவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கலாம்,” என்றும் சொன்னார். என்ன வார்த்தை கேட்பது? அப்பா, நீங்க செத்த மாதிரி கொஞ்ச நாள் இருந்துக்கிடட்டுமா என்றா? செந்தூர்பாண்டி கத்தியில் புது பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகினான், செருகிவிட்டுக் காத்திருந்தான். “வேணும்னா டிரிம் பண்ணி டை போட்டு மறைச்சுரட்டுமா?” என்றான். மறைக்கலாம். இன்றைக்கு மறைக்கலாம், நாளைக்கும் மறைக்கலாம், லுங்கி செக்ஷனில் கண்ணாடி இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

அப்பா மீசையை எடுத்து ஒரு தடவை பார்த்திருக்கிறான். தாத்தா இறந்தபோது. மூன்றாம் வகுப்போ என்னவோ படித்துக்கொண்டிருந்தான். காரியம் முடிந்து ஈர வேட்டியோடு ஆண்கள் திரும்பி வந்தார்கள், அவர்களோடு முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்தார், மொட்டைத் தலை, மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு வெளிறிய இடம், அது வெயிலே படாத இடம்போல் பச்சையாக இருந்தது. அந்த ஆள் நேராக அவனிடம் வந்து தூக்கப் பார்த்தார். அவன் அலறிக்கொண்டு அம்மாவின் சேலைக்குள் போனான். “ஏல, அப்பாடா, அப்பாதாம்ல,” என்று அந்த ஆள் அப்பாவின் குரலில் கெஞ்சினார். அதைக் கேட்டு இன்னும் பயந்தான், அப்பாவின் குரலை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று. கம்பத்தில் ஏறி நிற்கும்போது தெருவே அண்ணாந்து பார்க்கிற மனிதர், தன் பிள்ளை தன்னை அடையாளம் தெரியாமல் ஓடுவதைப் பார்த்துக் கையைக் கீழே போட்டுவிட்டு நின்றார். அந்தக் கை கீழே விழுந்தது இத்தனை வருடம் கழித்து இந்த நாற்காலியில் ஏன் ஞாபகம் வர வேண்டும். அந்த முகம் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது, மீசை முளைத்தது, முளைத்தபின் அவர் அதை இன்னும் பெரிதாக விட்டார். முளைக்கும். தூங்குகிற வேர் முளைக்கும். “எடுத்துரு, பாண்டி,” என்றான். பாண்டி கண்ணாடியைப் பார்த்து மறுபடி கேட்பதுபோல் புருவத்தைத் தூக்கினான், அவன் கண்ணை மூடிக்கொண்டான். குளிர்ந்த நுரை, பிறகு மூக்கைப் பிடித்து மேலே தூக்கும் இரண்டு விரல், பிறகு சரக் சரக்கென்று கத்தி. இரண்டே இழுப்பு. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா ஒரு வாரம். படிகாரம் தேய்த்தபோது எரிந்தது, காற்று பட்டபோது உதடு அம்மணமாக நின்றது. கண்ணைத் திறந்தான். கண்ணாடியில் இருந்தவர் அந்த ஆள்தான், அம்மாவின் சேலைக்குள் ஓட வைத்த ஆள். அப்பா இப்படித்தான் இருந்தார். ஆவுடையப்பன் தன் முகத்தையே கொஞ்ச நேரம் அப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மாஸ்க்கைப் போட்டுக்கொள்ள மறந்து தெருவுக்கு வந்துவிட்டான். வெயில் உதட்டில் நேராக விழுந்தது. திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தபடியே நடந்தான், யோசித்து முடிப்பதற்குள் மார்க்கெட் திருப்பம் வந்துவிட்டது. எதிரே டிவிஎஸ் ஃபிப்டியில் சுடலைமுத்து மாமா வந்தார், அப்பாவோடு மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், தீபாவளிக்குத் தீபாவளி வருகிறவர். வண்டி அவனைத் தாண்டிப் போய், நின்று, காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பின்னால் வந்தது. மாமா இறங்கினார். ஸ்டாண்ட் போடக்கூட முடியவில்லை, வண்டியைச் சுவரில் சாய்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்து அவன் முன்னால் நீட்டினார், துட்டி வீட்டு வாசலில் துக்கம் கேட்க நீட்டுவதைப்போல. “எப்ப மாப்ளே?” என்றார். “ஒரு வார்த்தை சொல்லி விடலையே. நான் கடைசியா ஒரு தடவை பாத்திருப்பனே.” அவருடைய தாடை ஆடியது. நீட்டிய கையைத் தொட வேண்டும், அதுதான் வழக்கம், எத்தனை சாவு வீட்டில் இப்படி நீட்டியிருக்கிறான், தொட்டிருக்கிறார்கள். அவனுடைய கைகள் தாமாகவே எழுந்தன. அந்தக் கைகளுக்கு வழக்கம் தெரியும், வேறொன்றும் தெரியாது. விரல் நுனி மாமாவின் விரலைத் தொடுவதற்குள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான், சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டான். “இருக்காக,” என்றான். குரல் பெரிதாக வந்தது, காய்கறிக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். “இருக்காக மாமா. நல்லா இருக்காக. காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டாக. சட்னி காரம்னு பிரமுவை ஏசினாக.” சொல்லச் சொல்ல இன்னும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. “நேத்து நியூஸ் போடச் சொல்லிக் கேட்டாக. உங்களைக்கூடக் கேட்டாக.” அது பொய், மாமாவைப் பற்றி அப்பா கேட்கவில்லை, ஆனால் அப்பா இருப்பதற்கு எத்தனை சாட்சி சொன்னாலும் போதாதுபோல் இருந்தது. மாமா கையை இறக்காமல் விழித்துக்கொண்டு நின்றார். புழுவெட்டு என்று அவன் சொன்னான், மருந்து என்று சொன்னான். மாமா உட்கார்ந்துவிட்டார், அங்கேயே கடைப்படியில். “பாவிப் பயலே, உசுரே போயிருச்சுல எனக்கு,” என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆவுடையப்பனுக்கும் போய்த்தான் வந்திருந்தது. மார்கழியில் வந்த மூன்று சொல்லைவிட இந்த ஒரு சொல் பெரிது, இருக்காக. அது வாயில் வந்தபோது எவ்வளவு பயந்தான், பயத்தோடு எவ்வளவு ஆசையாக வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று இவ்வளவு ஆசை உள்ளே இருந்திருக்கிறது, அது இத்தனை நாளும் எங்கே போய் ஒளிந்துகொண்டிருந்தது. அதுவும் வேர் மாதிரித் தூங்கிக்கொண்டிருந்ததோ என்னவோ. வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தான், மாமா பின்னாலிருந்து எதையோ கேட்டது காதில் விழவில்லை. மழித்த உதட்டைப் பார்த்துவிட்டு வேறு யாரும் கையை நீட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பிரமு வாசலில் அவனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “உங்கப்பா முழிச்சிருக்காக,” என்று மட்டும் சொன்னாள். அப்பா கட்டிலில் தலையணைகளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் கிண்ணத்தில் வெந்நீர், பிரஷ், ரேசர், துண்டு, புதன்கிழமைக்கு உரியதெல்லாம் தயாராக இருந்தன. அவன் நேராகப் போய் அவர் முன்னால் நின்றான். ஒளிந்துகொள்ள இந்த வயதில் சேலை எதுவும் இல்லை. அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அசைகிற இடது கையைத் தூக்கிக் கிட்டே வரச் சொன்னார். குனிந்தான். அவருடைய விரல் அவனுடைய உதட்டுக்கு மேலே அந்த வெறும் இடத்தில் வந்து நின்றது, மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் போயிற்று. “யாரு... போனா?” என்று குழறினார். “யாரும் போகலப்பா. மருந்து போடணும்னு டாக்டரம்மா சொன்னாக. அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல, சத்தியமா வேற ஒண்ணுமில்ல.” அப்பா தலையை ஆட்டவில்லை. சொன்னது அவருக்கு ஏறியதா என்று தெரியவில்லை. விரல் இன்னும் உதட்டிலேயே இருந்தது. வாயை ஒரு பக்கமாகக் கோணிச் சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார், கம்பத்தில் ஏறுகிறவன் காலைப் பார்த்துப் பார்த்து வைப்பதுபோல. “எங்கப்பா... என்னைய... இப்படிப் பாக்கல.” மூச்சு வாங்கினார். “எந்த அப்பனும்... பாத்ததில்ல.” பிறகு வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று. “நான் பாத்துட்டேன்... ஏல. நல்லாத்தாம்ல... இருக்க.”

ஆவுடையப்பன் அவருடைய மடியில் முகத்தை வைத்து அழுதான். அழுதுகொண்டே, “அப்பா, மார்கழியில ஒரு நாள் நான்...” என்று ஆரம்பித்தான். அப்பா அவனுடைய பின்மண்டையில், முடியில்லாத அந்த வட்டத்தில் கையை வைத்து ஒரு தட்டு தட்டினார். “தண்ணி... ஆறிரும்,” என்றார். அவன் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, துண்டை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிச் செருகினான். பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்துச் சோப்பில் சுழற்றினான். அப்பா வழக்கம்போல் தாடையைத் தூக்கிக் கொடுத்தார். அவருடைய மீசையில் நுரை படாமல் இருக்க ஒரு கையால் அதை மறைத்துப் பிடித்துக்கொண்டு, காதோரத்திலிருந்து தடவ ஆரம்பித்தான்.